மாப்பிள்ளை முழங்காலில் ஒரு அந்துப்பூச்சி

ஒரு சங்கதியை நேற்றுத்தான் கற்றுக்கொண்டவர்களைப் போல ஆபத்தானவர்கள் உலகத்தில் கிடையாது. புதிதாகக் கார் ஓட்டப் பழகியவர், புதிதாக ஜாதகம் பார்க்கப் பழகியவர், பூச்சியின் காலைப் பார்த்து அது இன்னது என்று சொல்லப் பழகியவள். மூன்றாவது ஆள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது அந்துப்பூச்சி. புழுவாக இருக்கும்போது முழம் போட்டு நடக்குமே, அந்தக் குடும்பம். அதிலும் சுண்டுவிரல் நகம் அளவே உள்ள பொடி வகை. வெளிறிய சந்தன நிறம், இறக்கையை விரித்துச் சுவரோடு ஒட்டி உட்காரும், குறுக்கே நெளிநெளியாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. இந்தச் சாடையில் இடேயா, ஸ்கோபுலா என்று இரண்டு பேரினங்கள் உண்டு. ("ரெண்டும் இருமல் மருந்து பேரு மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா.) இரண்டையும் சுலபமாகப் பிரிக்கப் பெண்பூச்சியின் பின்னங்காலைப் பார்க்க வேண்டும். அதில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஒரு ஜோடி என்றால் இடேயா, இரண்டு ஜோடி என்றால் ஸ்கோபுலா.

இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்புக் கயிற்றில் லென்ஸைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளின் தோளில் ஏதாவது ஊர்ந்தால்கூட விடமாட்டேன். விதி என்னவென்றால், என் பெட்டியில் இருந்த ஒரே பெண்பூச்சியின் பின்னங்கால்களை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. "காலு இல்லாம நீ பேரினம் எழுதக்கூடாதும்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆய்வேடு கொடுக்கும் நாளோ நெருங்கிவிட்டது.

அந்த வாரத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

செண்பகம் அக்கா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தாள். வந்த வரன்களுக்கெல்லாம் நொட்டை சொல்லித் தட்டிவிட்டவள், கல்லிடைக்குறிச்சி வரனுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் கைதவறி ரசத்தை இந்த மனிதரின் வேட்டியில் ஊற்ற, இவர் கோபப்படாமல் சிரித்தாராம். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அவர்தான்.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளு அந்தக் கண்ணாடியக் கழுத்துலேருந்து கழட்டு. எனக்கு இந்த இடம் அமையணும்" என்றாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். (கழுத்திலிருந்துதானே கழற்றச் சொன்னாள்.)

மாப்பிள்ளையின் அம்மா குள்ளம். அதிகாரம் மட்டும் வாசல் நிலை உயரம். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "கொஞ்சம் நடந்து வாம்மா." அக்கா நடந்தாள். "சவுரி வைக்கலியே?" என்று சடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். செய்தித்தாளை நீட்டி, "இந்தப் பொடி எழுத்த வாசி, கண்ணு தெரியுதான்னு பாப்போம்." அக்கா ஒரு டெண்டர் விளம்பரத்தை முழுவதுமாக வாசித்தாள். அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு அடையாளமாகப் பார்த்துப் பார்த்து முடிவுக்கு வருவதுதான் எங்கள் துறையின் முறை. எங்கள் பேராசிரியர்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. காபித் தட்டோடு நின்று ரசித்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் டியூப்லைட்டைப் போட்டார்கள். கால்வாய் ஓரத்து வயலிலிருந்து ஒரு பூச்சி வந்து விளக்கைச் சுற்றியது. சந்தன நிறம். சுற்றிச் சுற்றி வந்து மாப்பிள்ளையின் வலது முழங்காலில், வெள்ளை வேட்டியின் மேல் உட்கார்ந்தது. நெளிகோடு, புள்ளி, எல்லாம் இருந்தன. நூல் மாதிரி உணர்கொம்பு, ஆக அநேகமாகப் பெண். பின்னங்கால் இறக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க!" என்று கத்தினேன். தட்டை ஸ்டூலின் விளிம்பில் வைத்தேன். அது சரிந்து, சுடச்சுடக் காபி அவர் பாதத்தில் கொட்டியது. நான் அதற்குள் மண்டிபோட்டுவிட்டேன். என்னுடைய லென்ஸுக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் போனால்தான் தெரியும். ஒரு கண்ணை மூடி, வருங்கால அத்தானின் முழங்காலுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனேன்.

"அந்தப் பிள்ள என்னத்தப் பாக்கா?" என்றார் அந்த அம்மா.

"காலு" என்றேன், நிமிராமல். "கொஞ்சம் பொறுங்க, எண்ணிச் சொல்லுதேன்."

"ஏட்டி, எம்பையன் காலுல என்ன கொறையக் கண்ட?"

அக்காவின் கண்ணைச் சோதித்த அதே செய்தித்தாள் சுருண்டு வந்து இறங்கியது. பாதி அடி என் தலையில், பாதி அடி முழங்காலில். வேட்டியில் ஒரு இழுப்பு சந்தனப் பொடி மட்டும் மிச்சம்.

"ஐயோ, கொன்னுட்டியளே!" என்று கூப்பாடு போட்டேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பூதக்கண்ணாடி வச்சு மாப்பிள்ளையச் சோதிக்கிற வீட்டுல நமக்கு என்னலே சோலி? எந்திரி!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா மகனிடம்.

அப்பா கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ உளறினார். அப்போதுதான் அக்கா பேசினாள்.

"நடக்கச் சொன்னிய, நடந்தேன். சடையப் பிடிச்சுப் பாத்திய. பேப்பரு வாசிக்கச் சொன்னிய. அவ ஒரு முழங்காலத்தான அத்தை பாத்தா?"

அவள் எனக்காகப் பரிந்து பேசவில்லை. எல்லாம் போயிற்று, இனி என்ன என்று பேசினாள். கண் சிவந்திருந்தது. ஒரு பூச்சியின் காலுக்காக அக்காவின் வாழ்க்கையை மிதித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரைக்குள் போய்விடலாம்போல் வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவே இல்லை. பாதம் காபியில் ஊறியபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இப்ப அசையலாமா?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவரும் சிரித்தார். "சிரிக்கான் பாரு, வெந்த காலோட" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அம்மா திரும்ப உட்கார்ந்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

என் ஆய்வேட்டில் "பேரினம் உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுதினேன், மார்க்கைக் குறைத்தார்கள். இன்றைக்கும் நான் காபி கொண்டுபோனால் அத்தான் காலை ஒடுக்கிக்கொண்டு, "அசையலாமா?" என்பார். எத்தனை வருஷமானாலும் அந்த வீட்டில் இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள், அத்தையைத் தவிர.

போன வருஷம் அக்கா மகளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தைக்கு இப்போது காது மந்தம், அதிகாரம் அப்படியே. எனக்கு அவரே போன் செய்தார்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமை நேரத்தோட வந்துரு. கண்ணாடிய மறந்துராத. எம்பேத்திய நடக்கச் சொன்னாவன்னா, நீ போயி அந்தப் பையன் காலப் பாரு."