நடுவர் கட்டிய விமானம்

“என்னங்க, இந்த மூணு பேரும் ஏன் இடது கையால சல்யூட் அடிக்கிறாங்க?”

சாப்பாட்டு மேசையின் மேல் குனிந்திருந்த எடையளவு ஆய்வாளர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் மூக்குக்கு நாலு விரற்கடை கீழே, பாதி கட்டிய போர்க்காலக் கடற்படை விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, வயிற்றுக்கடியில் கப்பலைத் தகர்க்கும் ஒரு டார்ப்பிடோ. அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பக்கத்தில், ஒரு பழைய புத்தகத்திலிருந்து பெரிதாக்கி எடுத்த புகைப்படம். அதில் அதே விமானமும் அதன் முன்னால் மூன்று வீரர்களும் இருந்தார்கள். காபித் தம்ளரை வைக்க இடம் தேடிய சாக்கில் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

“கடற்படைக்காரங்க அப்படித்தான் அடிப்பாங்க. கப்பல் ஆடும்ல? வலது கை கைப்பிடியைப் பிடிச்சிருக்கும்.”

“இவங்க தரையிலதானே நிக்கிறாங்க?”

“பழக்கம்.”

“சட்டைப் பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி இடம் மாறியிருக்கே, அதுவும் பழக்கமா?”

ஆய்வாளர் நிமிர்ந்தார். புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்து, முகம் கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்குள் மூன்று வீரர்களும் வலது கையால் அழகாக சல்யூட் அடித்தார்கள். அச்சடித்தவன் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பெட்டியோடு வந்த செய்முறைத் தாள், இன்ஜினின் புகைக்குழாயை வலப்பக்கம் ஒட்டச் சொன்னது. புகைப்படத்தில் குழாய் இடப்பக்கம் இருந்தது. புகைப்படம் பொய் சொல்லாது என்று தீர்ப்பளித்த ஆய்வாளர், குழாயை இடப்பக்கம் ஒட்டினார். அதோடு விட்டாரா? செய்முறைத் தாளின் அறியாமையைக் கண்டித்து, பெட்டி தயாரித்த கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பியும் இருந்தார்.

அவர் தொழில் அப்படி. கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, பத்து கிராம் குறைந்தாலும் முகம் மலர்கிறவர். அந்த மலர்ச்சியை வேலை நாட்களோடு நிறுத்திக்கொள்ள மனமில்லாமல், ஊரிலிருந்த மாதிரி விமானச் சங்கத்தில் சேர்ந்து, பன்னிரண்டு வருஷமாக ஆண்டுக் கண்காட்சிக்கு நடுவராக இருந்துவந்தார். மற்ற எட்டு உறுப்பினர்களும் விமானங்களோடு வருவார்கள். இவர் பூதக்கண்ணாடியோடு வருவார். குறையில்லாத விமானம் ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு விமானத்தைக்கூடக் கட்டியதும் இல்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை, போன கண்காட்சிவரை.

அன்றைக்குச் சங்கத் தலைவர் தன் புதுச் சம்பந்தியை அழைத்து வந்திருந்தார். சம்பந்தி தலைவரின் விமானத்தைப் பார்த்து, “அடேயப்பா, கைவேலைன்னா இதுதான்!” என்று வாய் பிளந்து நின்ற அந்த நிமிஷத்தில், நடுவர் ஊடே புகுந்து, “சக்கரம் அரை மில்லிமீட்டர் சின்னது. அசலா இருந்தா இது தரையிறங்கும்போதே கவிழ்ந்திருக்கும்” என்று அறிவித்தார்.

சம்பந்தி வாயை மூடிக்கொண்டார். தலைவர் திறந்தார்.

“குறை சொல்றது சுலபம் சார். அடுத்த வருஷம் எல்லாரும் ஒரே விமானம் கட்டுவோம், ரெட்டை இறக்கை வெச்ச கடற்படை விமானம். நீங்களும் உங்க கையால ஒண்ணு கட்டிக் கொண்டு வாங்க. முடியலேன்னா நடுவர் நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

அந்த நாற்காலி பிரம்பு நாற்காலிதான். ஒரு கால் கொஞ்சம் ஆடும். ஆனால் வருஷத்தில் ஒருநாள், எட்டுப் பெரிய மனிதர்கள் கைகட்டி எதிரில் நிற்க, அதில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கும் சுகத்தை இழந்தால், ஆய்வாளருக்கு மிச்ச முந்நூற்று அறுபத்து நாலு நாளும் உப்புச் சப்பில்லாமல் போய்விடும்.

கண்காட்சிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

புகைக்குழாயைப் பிடுங்கினார். குழாய் வரும்போது இன்ஜினின் கன்னத்தையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. பள்ளத்தை மக்குப் பூசி அடைத்தார். மக்கு மேடு தட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேடு போயிற்று. கூடவே, விமானத்தின் உடம்பில் துணி போர்த்திய மாதிரி நயமாக வார்த்திருந்த வரிகளும் போயின. ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் சோப்புக்கட்டி என்று ஆயிற்று.

“இந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வெச்சிட்டா போச்சு” என்றாள் மகள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஒரு கையில் சீப்போடு நின்று பார்த்தாள். “நீங்க நடுவரா இருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?”

“உனக்கு நேரமாகலையா?”

அடுத்தது கம்பிகள். இரட்டை இறக்கை விமானத்தில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பிடிப்பவை கம்பிகள்தாம். மொத்தம் அறுபத்திரண்டு. மற்றவர்கள் நைலான் நூலைக் கட்டிவிட்டு வருவார்கள். ஆய்வாளர் கட்டுவாரா? ஆபீசிலிருந்து மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து நூலை அளந்தார். அந்தத் தடிமனைப் பெருக்கிப் பார்த்தால் அசல் விமானத்தில் கம்பிக்குப் பதில் தேர்வடம் கட்டியிருக்க வேண்டும். நூல் நிராகரிக்கப்பட்டது. தையல் நூல், பட்டு நூல், மீன்பிடி நரம்பு எல்லாம் நிராகரிக்கப்பட்டன. கடைசியில் காபியில் கிடந்த ஒரு முடியை எடுத்துச் சண்டை போடப் போனவர், பாதி வழியில் நின்று, அதை மைக்ரோமீட்டரில் வைத்தார்.

கச்சிதம்.

“கொஞ்சம் முடி குடேன்.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல இன்னிக்குத்தான் என் முடியை ஏறெடுத்துப் பார்க்கறீங்க.”

“நரைச்சதா பார்த்துக் குடு. எஃகுக் கம்பி நிறம் வரணும்.”

“தாராளமா எடுத்துக்கோங்க. அதெல்லாம் உங்களால வந்ததுதானே!”

இரண்டு நாள், அறுபத்திரண்டு முடி. இடுக்கியும் ஊசியும் திட்டுமாக ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்தபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், வீணை மாதிரி இருந்தது. இடப்பக்கச் சோப்புக்கட்டியைக்கூட மன்னிக்கலாம்போல் இருந்தது. அவர் மேசையைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். அந்தப் பிதுக்கலில் பழைய தெம்பு வந்திருந்தது.

மறுநாள் மழை பெய்தது.

ஈரக் காற்றில் முடி நீளும் என்பது ஆய்வாளருக்குத் தெரியாததல்ல. காற்றின் ஈரத்தை அளக்க முடியை வைத்தே ஒரு கருவி உண்டு, அதைப் பற்றி ஆபீசில் அரைமணி நேரம் பேசியும் இருக்கிறார். ஆனால் பேசினதெல்லாம் சமயத்துக்கு ஞாபகம் வரவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அறுபத்திரண்டு கம்பியும் தொய்ந்து தொங்கின. போர் விமானம், துணி காயப்போடும் கொடி மாதிரி ஆகிவிட்டது.

“மகளோட ஹேர் டிரையர் எங்கே?”

“என்னங்க, வேண்டாம். அது பிளாஸ்டிக்கு.”

“முடியைக் காய வைக்கத்தானே அதைக் கண்டுபிடிச்சிருக்கான்? இதுவும் முடிதான்.”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டையில்லை. முடி காய்ந்தது, விறைத்தது, டிங்கென்று நின்றது. அதே வேகத்தில் மேல் இறக்கை, வெயிலில் விட்ட செருப்பைப்போல் இரண்டு நுனியும் மேலே வளைந்து சிரித்தது.

வளைந்ததை நிமிர்த்தப் பாரம் வேண்டும். வீட்டில் அகராதி இருந்தது, அம்மிக்கல் இருந்தது. ஆனால் அவற்றின் எடைக்கு யார் சான்று தருவார்கள்? மறுநாள் சாயங்காலம் ஆய்வாளர் மதிய உணவுப் பையைத் தோள் சாயச் சாயச் சுமந்து வந்தார். உள்ளே, ஊரிலுள்ள அத்தனை படிக்கல்லுக்கும் தாய்க்கல்லான, இலாகாவை விட்டு வெளியே வரக்கூடாத, ஐந்து கிலோ பித்தளைத் தரப்படி இருந்தது. முடிகளை மேல் முனையில் அவிழ்த்துவிட்டு, மேல் இறக்கையைக் கழற்றி மேசைமேல் கிடத்தி, இரண்டு கையாலும் தரப்படியைத் தூக்கி, பூ வைக்கிற மாதிரி அதன் நடுவில் வைத்தார்.

டக்.

ஆய்வாளர் தரப்படியைத் தூக்கிப் பார்த்தார்.

“எடை சரியா இருந்துச்சாப்பா?” என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை கண்காட்சி. இரண்டு துண்டான இறக்கையில் உடனே ஒட்டும் பசையைத் தடவி, பொருத்தி, விமானத்தின் தலைமேல் ஏற்றி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறுபது எண்ணினார். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இன்னொரு அறுபதும் எண்ணினார். பிறகு கையை எடுத்தார்.

விமானமும் கூடவே எழுந்து வந்தது.

“இழுக்காதீங்க! தோல் உரிஞ்சிடும்!”

“தோல் போனாப் போகட்டும், இறக்கை போயிடும்டி!”

வெந்நீர், சமையல் எண்ணெய், மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் மிச்சமிருந்த நாலு சொட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வெந்நீரில் பெயிண்ட் கரைந்தது. எண்ணெயில் சக்கரம் வழுக்கி விழுந்தது. விரல் மட்டும் அசையவில்லை. அந்த விமானத்திலேயே உறுதியாக ஒட்டியிருந்தது அது ஒன்றுதான்.

“பெரிய தெரு மாடியில பல் செட் பண்றவர் இருக்கார். என் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டுக் குடுத்தாரே, அவர்தான்” என்றாள் மனைவி. “இந்தப் பசை, பிளாஸ்டிக்கு எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. போய்க் காட்டுங்க. திங்கக்கிழமை ஆபீசுக்கு இதோடவா போவீங்க? எந்தக் கையால கையெழுத்துப் போடுவீங்க?”

விமானத்தின்மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியபடி ஆய்வாளர் தெருவில் நடந்தார். போன மாதம்தான் அவர் தராசுக்கு முத்திரை மறுத்துவிட்டு வந்த பழக்கடைக்காரர், துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“என்ன சார், கோழி புடிச்சிட்டீங்களா? கொண்டாங்க, எத்தனை கிராம்னு போட்டுப் பார்ப்போம்!”

பல் செட்காரரின் கூடம் ஒரே அறை. மூன்று பக்கமும் அலமாரி. அதில் வரிசை வரிசையாக மேல் தாடையும் கீழ்த் தாடையுமாக நாற்பது வாய்கள், உடம்பில்லாமல் ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்தன. பல் செட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டார். ஒரு சீசாவிலிருந்து ஏதோ தொட்டு வைத்தார். மெல்லிய தகடு ஒன்றை விரலுக்கும் இறக்கைக்கும் நடுவே செருகினார். ஐந்து நிமிஷத்தில் ஆய்வாளர் இரண்டு விரலோடும் விடுதலை ஆனார்.

பல் செட்காரர் விமானத்தைத் தூக்கி விளக்கில் காட்டிப் பார்த்தார். முதலில் சோப்புக்கட்டிப் பக்கம். பிறகு முடிகள். பிறகு எண்ணெய்.

“ஞாயித்துக்கிழமைக்குத்தானே சார்?”

ஆய்வாளருக்குத் திக்கென்றது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பல் செட்காரர் ஒரு மூலையில் தொங்கிய திரையை விலக்கினார். பின்னால் எட்டு விமானங்கள் நின்றன. எட்டும் ஒரே கடற்படை விமானம். எட்டிலும் கம்பிகள் நரம்பாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு. மருந்துக் கடைக்காரர், வக்கீல், பள்ளிக்கூடத் தாளாளர்… எல்லாவற்றுக்கும் முன்னால், சங்கத் தலைவர்.

“இதெல்லாம்… அவங்க கட்டினது இல்லையா?”

“பெட்டியை வாங்கிட்டு வர்றது அவங்கதான் சார்” என்றார் பல் செட்காரர் நியாயமாக.

ஆய்வாளருக்கு உச்சி குளிர்ந்தது. பன்னிரண்டு வருஷத்துப் பித்தலாட்டம்! ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தியை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமூடியாகக் கிழித்தால் எப்படி இருக்கும்? அந்த ஆனந்தத்தில் அரை நிமிஷம் திளைத்தார். பிறகு, எண்ணெய் சொட்டும் தன் விமானம் கண்ணில் பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதையும்… ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிட முடியுமா? விஷயம் வெளியில போகக்கூடாது.”

“எட்டோட ஒம்போது. நாளைக்குச் சாயங்காலம் வாங்க. உங்க வீட்டம்மா பல்லு எப்படி இருக்கு?”

வந்த காரியம் முடிந்துவிட்டது. நாற்காலியும் பிழைத்தது. ஆனால் பிறவிக் குணம் சும்மா இருக்குமா? படியிறங்கப் போனவரின் கண், போகிற போக்கில் தலைவரின் விமானத்தை ஒருமுறை தடவியது. கால் நின்றது. கழுத்து நீண்டது. உதடு தானாகப் பிதுங்கியது.

“ஆஹா! டார்ப்பிடோவைப் பின்பக்கம் முன்னால வர்ற மாதிரி மாட்டியிருக்கீங்களே! இதைக்கூடக் கவனிக்கிறதில்லையா? வேற யார் கண்ணுலயும் இது பட்டிருக்காது, தெரியுமா?”

பல் செட்காரர் நெற்றி விளக்கை அணைத்தார்.

“அது அப்படித்தான் சார் ஆர்டர், உங்க சங்கத்துல ஒருத்தர் இருக்காராமே, ஒரு தப்பாவது கண்டுபிடிக்கலேன்னா அன்னிக்கு வீட்டுக்குப் போக மாட்டாராம், அவர் கண்ணுல படற மாதிரி ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு வெச்சு அனுப்பறது பன்னெண்டு வருஷமா வழக்கம். சொல்லுங்க, உங்களுதுல எந்தத் தப்பை வைக்கட்டும்?”