தைதுங் வீட்டுப் படம் அசையவில்லை

சின்ச்சூவில் இருக்கும் சிரஞ்சீவி ஜியா-ஹோங்குக்கு,

சாங்ஹுவாவிலிருந்து சித்தப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம். எங்கள் மூட்டு வலியும் சுகமாகவே இருக்கிறது.

நிற்க. உன் அம்மாவின் நூறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், தைதுங்கில் அப்பா தனியாக இருக்கிறாரே என்று கூடத்தில் கேமரா பொருத்தினாய். "காலையில நீங்க பாருங்க சித்தப்பா, சாயங்காலம் நான் பாத்துக்கறேன்" என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாய். ஆறு வாரமாக என் பங்கை ஒழுங்காகத்தான் பார்க்கிறேன். ஆனால் பார்க்க என்ன இருக்கிறது? போன் திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றி முடித்தால் ஜன்னலோரம் நாற்காலி, அதில் அண்ணன், முழங்காலில் கை. அப்படியே உறைந்துவிடுகிறது. அரைமணி கழித்துப் பார்த்தாலும் அதே கோலம். அவருக்கு ஏதாவது ஆகி, நாம் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருப்போமோ என்று பயமாக இருக்கிறது. போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கேன். வெச்சிடு" என்று வைத்துவிடுகிறார். தினமும் இதே மூன்று வார்த்தை.

ஆகவே நானே பழுது பார்க்க இறங்கினேன். தண்ணீர் அலைவரிசையைக் குடித்துவிடும் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதால் வைஃபை பெட்டியை மீன் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னோர் மேடையில் வைத்தேன். "ஏங்க, உங்க அப்பா அம்மாவுக்கு இப்ப நெட்டா கேட்டுச்சு?" என்று சித்தி அதைச் சமையலறைக்குத் துரத்தினாள். அங்கே அவள் மைக்ரோவேவ் போட்ட போதெல்லாம் வட்டம் சுற்றியது, அதனால் அதைத் தொடாமல் ஒரு வாரம் சில்லிட்ட கொழுக்கட்டை தின்றோம். உள்ளறையில் அவள் பார்க்கும் நாடகம் வேகத்தை இழுக்கிறது, நிறுத்து என்றேன். "இதுல நாலு பேராவது நடமாடறாங்க. உங்க படத்துல என்ன இருக்கு?" என்றாள். கடைசியில் தொழில் புத்தி வந்தது. ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் இயந்திரங்களோடு குப்பை கொட்டியவன் நான். ஒவ்வொன்றின் தலையிலும், பேரிலேயே 'சமர்த்து' இருக்கிற அந்தப் பச்சைப் பாக்கெட் சோளப்பொரி வைப்போம், விளக்கு பச்சையாகவே எரியும், சொன்ன பேச்சு கேட்கும். சித்தியைக் கடைக்கு அனுப்பினேன், சிவப்புப் பாக்கெட் வாங்கி வந்தாள். "காரம்தான் இருந்துச்சு. மிஷினுக்கு நாக்கா இருக்கு?" வைத்த ஒரு மணி நேரத்தில் பெட்டியின் விளக்கெல்லாம் சிவப்பு! மழையில் இரண்டு தெரு நடந்து, காலாவதியாக இன்னும் எட்டு மாதம் இருக்கிற பச்சைப் பாக்கெட் ஒன்று வாங்கி வைத்தேன். வட்டம் அன்றே ஓடிப்போயிற்று, நம்பு.

படம் மட்டும் அதே கோலத்தில் நிற்கிறது. எனவே கோளாறு தைதுங் பக்கம்தான். அங்குள்ள நெட் கம்பெனிக்காரனை நன்றாக வைது இணைப்பை மாற்று. நேரில் போகலாம் என்றால் மீனுக்கு யார் தீனி போடுவது? கிழக்குப் பாதையில் டிக்கெட்டும் கிடைக்காது, எனக்குத் தெரியாதா.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் குறைவின்றி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சித்தப்பா காவ் ஷுய்-யுவான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இங்கே எங்கள் நெட் கம்பெனியில் பழுது பார்க்கும் யாங் அம்மா வந்தார். வயர், பெட்டி எல்லாம் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு ஐயா. படம் ஒண்ணும் நிக்கல" என்றார். "நிக்கலையா? மனுஷன் அசையவே இல்லையே!" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. "படம் ஓடுதுங்க. அவருதான் அப்படியே உக்காந்திருக்காரு."

மூவரும் நின்று பார்த்தோம். பதினோரு நிமிஷம் கழித்து அண்ணன் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முழங்காலில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது ஜியா-ஹோங். இணைப்பை மாற்றாதே, யாரையும் வையாதே. சித்தி பை கட்டிவிட்டாள், மீன் தொட்டி கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. பகல் ரயிலில் இருக்கை இல்லாமல் நின்றுகொண்டே அண்ணனிடம் போகிறோம். உன் பங்கில் சாயங்காலங்களில் நீ என்ன பார்த்தாய் என்று கேட்க மாட்டேன். இது கையில் கிடைத்த அன்றைக்குக் கேமராவைத் திறக்காதே. நீயும் தைதுங்குக்குப் புறப்பட்டு வா.