திங்கட்கிழமைத் தலைவலியும் தென்காசி விசாரணைக் குழுவும்

வைத்திய சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க சம்பவங்கள் மூன்று. ஒன்று, அம்மைக்கு ஊசி கண்டுபிடித்தது. இரண்டாவது, பென்சிலின். மூன்றாவது, 1961-ஆம் வருஷம் தென்காசி ஞானவிளக்கு உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் அமைத்த 'மாணவர் தலைவலி விசாரணைக் குழு'. முதல் இரண்டையும் வெள்ளைக்காரன் செய்தான், உலகமெங்கும் பேர் வந்துவிட்டது. மூன்றாவதைச் செய்தது நாங்கள் என்பதால் நானே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

குழுவின் தலைவர் பள்ளி மானேஜர் தில்லைநாயகம் அண்ணாச்சி. இலஞ்சியில் வயலும் தென்னந்தோப்பும், சொந்தத்தில் ஒரு பிளஷர் காரும் உள்ளவர். டிரில் மாஸ்டர் ரத்தினம் ஓர் உறுப்பினர். தையல் டீச்சர் மங்களேஸ்வரி இன்னோர் உறுப்பினர். குழுவில் ஒரு பெண்மணி இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி அபிப்பிராயப்பட்டார், அவர் பேச வேண்டும் என்று அபிப்பிராயப்படவில்லை. காரியதரிசி, உதவித் தலைமையாசிரியனாகிய அடியேன். தலைமையாசிரியர் இம்மாதிரி விஷயம் வந்தால் லீவு போட்டுவிடுவார், நல்ல மனுஷன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு மனு. எழுதியவள் கல்யாணசுந்தரி. குத்துக்கல்வலசையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பலவேசத்தின் மகள். பதினைந்து வயசு, பதினோராம் வகுப்பு, எல்லாப் பாடத்திலும் முதல் மார்க்கு. மனு இது:

"ஐயா, மாதத்தில் மூன்று நான்கு தடவை எனக்குத் தலையின் ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறது. அதற்கு முன்னால் கண்ணில் பன்னரிவாள் பல்லு மாதிரி வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடும். பிறகு வெயிலும் சத்தமும் ஆகாது. வாந்தி வரும். இருட்டில் ஒரு மணி நேரம் தூங்கினால் விட்டுவிடும். ஆகவே தலைவலி வரும் அன்று தையல் அறையில் ஒரு மணி நேரம் படுக்கவும், பிரேயரின்போது நிழலில் நிற்கவும், மத்தியானம் மணி அடித்த உடனே சாப்பிடவும் அனுமதி கொடுக்க வேண்டும்."

மூன்றே வேண்டுகோள். மூன்றுக்கும் காலணா செலவு கிடையாது. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வந்தது.

குழு கூடியது. பெண்ணைக் கூப்பிட்டோம். அவள் பயந்துபோய் வந்து நின்றதற்கும் காரணம் உண்டு. அவள் தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இன்னும் ஒரு தடவை தலைவலின்னு பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்கு அனுப்பினாங்கன்னா, அத்தோட படிப்பை நிப்பாட்டிருவேன்." அவளுக்கோ எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை எங்கள் கையில் இருந்தது.

"எந்தப் பக்கம் ஏட்டி வலிக்கு?" என்று விசாரணையைத் தொடங்கிவைத்தார் அண்ணாச்சி.

"இடது பக்கம் அய்யா. சில சமயம் வலது பக்கம்."

"ரெண்டு பக்கமும் சேர்ந்தாப்ல வலிக்குமா?"

"இல்ல அய்யா."

"அப்ப ஒரு பக்கம் சும்மாத்தானே கெடக்கு? அதை வச்சுப் படிக்க வேண்டியதுதானே?"

"அப்படி முடியாது அய்யா" என்றாள். 'மாணவி தலைவரை எதிர்த்துப் பேசினாள்' என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து ரத்தினம் மாஸ்டர் நேரில் கண்ட சாட்சியம் ஒன்றை வைத்தார். "அண்ணாச்சி, போன வாரம் இவ தலையைப் புடிச்சிக்கிட்டு ஓன்னு வாந்தி எடுத்தா. தையல் ரூம்ல படுத்தா. மூணு மணிக்குப் பார்க்கேன், பிள்ளைகளோட சிரிச்சிக்கிட்டு கொய்யாப்பழம் திங்கா! நெசமான சீக்காளி கொய்யாப்பழம் திம்பானா?"

'திங்க மாட்டான்' என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அப்போது மங்களேஸ்வரி டீச்சர் மெதுவாக, "எனக்கும் இவ வயசுல இருந்து இதே மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"டீச்சர், அஜெண்டாவில் உங்கள் தலை இல்லை" என்று நான் விதியை எடுத்துக்காட்டினேன். அவர் கையில் இருந்த ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

நிபுணர் கருத்து இல்லாமல் ஒரு குழு குழுவாகாது. ஆகவே சர்க்கார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஏசுதாசனை வரவழைத்தோம். அவர் பெண்ணிடம் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். "ஒங்க அம்மைக்கு இந்தத் தலைவலி உண்டாம்மா?" என்றும் கேட்டார்.

"உண்டு. சொல்ல மாட்டா. ஈரத்துணியை நெத்தியில கட்டிக்கிட்டுச் சோறு வடிப்பா" என்றாள் பெண்.

ஏசுதாசன் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "அய்யா, இது ஒற்றைத் தலைவலி. இங்கிலீஷ்ல மைக்ரேன்னு சொல்லுவாங்க. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு நெறைய வருது. அனேகமா குடும்பத்துல ஒருத்தருக்காவது இருக்கும். நடிப்பு இல்ல. வெறும் வயிறு ஆகாது, வெயில் ஆகாது, தூக்கம் கெடக் கூடாது. கண்ணுல வெளிச்சம் ஓடுன உடனே ஒரு மாத்திரையைப் போட்டு இருட்டுல படுக்க விட்டாப் போதும். கை கால் வெளங்காமப் போனாலோ, காய்ச்சலோட கழுத்து வெறைச்சாலோ மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"ஊசி?" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அய்யா."

"டானிக்கு?"

"வேண்டாம்."

"பத்தியமாவது உண்டா வேய்?"

"நேரத்துக்குச் சாப்பிடணும். அதான் பத்தியம்."

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! "திங்கதும் தூங்கதும்தான் வைத்தியம்னா, எங்க வீட்டு எருமை பெரிய டாக்டரு, தெரியுமா?" என்றார். நிபுணருக்கு நன்றி கூறி, காப்பி கொடுத்து, அவர் கருத்தை நிராகரித்தோம். போகிற போக்கில் அவர், "இந்தப் பிள்ளை ஒரு நோட்டு வச்சிருக்கா, அதையாவது பாருங்க" என்றார்.

பார்த்தோம். தலைவலி வந்த தேதி, முந்தின ராத்திரி தூங்கிய நேரம், காலையில் சாப்பிட்டது, எல்லாம் குண்டுகுண்டான எழுத்தில் இருந்தது. மொத்தம் பதினோரு தலைவலி. அதில் ஒன்பது, திங்கட்கிழமை.

"திங்கட்கிழமை இங்கன என்ன நடக்கு?" என்று ரத்தினம் மாஸ்டர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

அண்ணாச்சி நோட்டைப் பட்டென்று மூடினார். திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் மைதானத்தில் அண்ணாச்சியின் 'நல்லொழுக்கச் சொற்பொழிவு' நடக்கும். பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்பார்கள். அண்ணாச்சி வேப்பமர நிழலில் நின்று பேசுவார். இரண்டு மணி நேரம். சமயங்களில் மத்தியானச் சாப்பாட்டு மணியையும் அது விழுங்கிவிடும். குத்துக்கல்வலசையில் இருந்து நடந்து வருகிற பிள்ளைகள் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று கஞ்சி குடிக்காமல் ஓடிவருவார்கள். கல்யாணசுந்தரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் சட்டென்று எழுந்து, "வாரத்துக்கு ஏழு நாள் என்பது சர்க்கார் ஏற்பாடு, அதில் தலையிட இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை" என்று தெளிவுபடுத்தினேன். அண்ணாச்சி என்னைப் பிரியமாகப் பார்த்தார்.

பிறகுதான் அண்ணாச்சிக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. "தலைக்கு வந்த நோய்க்கு மேல இருந்து விழுற தண்ணிதாம்வே மருந்து! குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சி. நல்லெண்ணெயைத் தேச்சு, வெறும் வயித்தோட பேரருவியில தலையை நீட்டச் சொல்லு. பித்தம் பூராம் எறங்கிப் போகும்." ஆனால் எதையும் சோதிக்காமல் மாணவர் தலையில் பிரயோகிப்பது விஞ்ஞானத்துக்கு விரோதம். ஆகவே குழு முதலில் குளித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பிளஷர் கார் கிளம்பியது. அண்ணாச்சி, ரத்தினம், நான், பின்னால் பலவேசமும் மகளும். மங்களேஸ்வரி டீச்சருக்கு இடம் இல்லை. குழு மட்டும் வழியில் இட்லி சாப்பிட்டது. வெறும் வயிறு என்ற விதி நோயாளிக்கு மட்டுமே. குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் எங்களைக் கவனித்துக்கொண்ட விதத்தை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. முதல் குளியலில் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. இரண்டாவது குளியல் நம்பிக்கை அளித்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள மூன்றாவதும் குளித்தோம். மணி பதினொன்றரை.

அன்றைக்கென்று சாரலே இல்லை, சுள்ளென்று வெயில். கல்யாணசுந்தரி தலை நிறைய எண்ணெயோடு பாறையில் உட்கார்ந்திருந்தாள். தகப்பனார் கையைப் பிடித்து, "அப்பா, கண்ணுல வெளிச்சம் ஓடுது. இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றாள்.

"ஏட்டி, இவ்வளவு பெரிய மனுஷங்க ஒனக்காக மூணு தடவை குளிச்சிருக்காங்க. எந்திரி!" என்றார் பலவேசம். கெட்டவர் இல்லை, மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். படித்தவர்களை நம்பினார், அவ்வளவுதான்.

பெண்கள் பகுதியில் இரண்டு அம்மாமார் அவளைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினார்கள். இடிக்கிற தலையில் பேரருவி இடித்தது. அவள் கத்தியது எங்களுக்கே கேட்டது. வெளியே வந்தவள் வாந்தி எடுத்து, அங்கேயே சுருண்டு விழுந்தாள். "பித்தம் எறங்கிட்டு!" என்று அண்ணாச்சி கைதட்டினார். காருக்குள் தகப்பனாரின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிய பெண் நாலு மணிக்கு விழித்து, "பசிக்கி" என்றாள். குறிப்பில் நான் 'பூரண குணம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வந்த திங்கட்கிழமை அண்ணாச்சி 'அருவியும் ஆரோக்கியமும்' என்ற தலைப்பில் இரண்டே கால் மணி நேரம் பேசினார். ஆரோக்கியத்துக்கு உதாரணமாக முதல் வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த கல்யாணசுந்தரி, இரண்டாவது மணி நேரத்தில் மயங்கி விழுந்தாள்.

அண்ணாச்சிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. குழு அன்றே கூடியது. "அருவி குணப்படுத்துன தலை மறுபடியும் வலிக்குன்னா, கோளாறு அருவியிலயா இருக்கும்? படிப்புலதான் இருக்கு! பொம்பளப் பிள்ளை மண்டை இம்புட்டுப் பாரம் தாங்காது." மங்களேஸ்வரி டீச்சர் எழுந்து, "நிழலில் நிற்க வைத்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதற்கு வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு ஒன்று.

பலவேசத்தைக் கூப்பிட்டு அறிக்கையை வாசித்துக் காட்டினேன். 'மாணவியின் நலன் கருதி, படிப்பை நிறுத்துமாறு குழு சிபாரிசு செய்கிறது.' அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

கல்யாணசுந்தரி அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "சார், தையல் ரூம் வேண்டாம் சார். சாப்பாடுகூட மெதுவாத் தின்னுக்கிடுதேன். நிழல்ல நிக்க மட்டும் விடுங்க சார். பரீட்சை எழுதிக்கிடுதேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை, மறைப்பானேன்? ஆனால் காரியதரிசிக்கு மனசு கிடையாது, கையெழுத்து மட்டும்தான் உண்டு. போட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தகப்பனார் பின்னால் நடந்து போனாள். அடுத்த வருஷம் நான் தலைமையாசிரியர் ஆனேன்.

எங்கள் வைத்தியத்தின் பலனை இப்போது சொல்கிறேன். அன்று முதல் நாலு வருஷமாக எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தலைவலி வரவில்லை. ஒரு மனுகூட இல்லை. போன மாதம் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டு அசந்துபோனார். திங்கட்கிழமை ஆனபடியால் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. நாலாவது வரிசையில் ஒரு பெண், உள்ளங்கையால் இடது கண்ணையும் நெற்றியையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றாள். இன்னும் இரண்டு வரிசை தள்ளி வேறொருத்தி, அதே மாதிரி.

"அது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்கள் பள்ளியின் விசேஷ வணக்கம் சார்" என்றேன்.

"பேஷ்! அப்படித்தானாம்மா?" என்று முதல் பெண்ணிடமே கேட்டுவிட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஆமா சார்" என்றாள். இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது இந்தப் பள்ளியில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்; நாங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.