பூட்டியாச்சு அண்ணி

மனிதர்களில் ‘ஆச்சு’ இனம் என்று ஒன்று உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கேள்வி உங்கள் வாயை விட்டு முழுதாக வெளியே வருவதற்குள் பதில் அவர்கள் வாயிலிருந்து கிளம்பியிருக்கும். கடிதம் போட்டாச்சா? ஆச்சு. கடிதம் சட்டைப் பையில் இருக்கும். கதவைச் சாத்தியாச்சா? ஆச்சு. காற்று அந்தக் கதவைப் படார் படார் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி நேர்மையானவன், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று காலை நீட்டிக்கொள்வான். பொய்யர்கள் என்றும் சொல்ல முடியாது. பொய் சொல்பவனுக்கு உண்மை எது என்று தெரியும். அதை மறைக்கக் கொஞ்சமாவது மெனக்கெடுவான். ஆச்சுக்காரருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று மனதில் நினைத்த மாத்திரத்திலேயே அவரைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது. கையும் காலும் செய்ய வேண்டிய மிச்சத்தை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

இந்த இனத்தில் ஒருவரைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வயது நாற்பத்தெட்டு, லேசான தொந்தி, காதில் எப்போதும் ஒரு பென்சில். மரப்பட்டறையில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறார். பட்டறை அவருடைய அண்ணியுடையது. அண்ணனுக்கு மரத்தூள் ஒத்துக்கொள்ளாது. தும்மித் தும்மியே வேறு வேலைக்குப் போய்விட்டார். அண்ணி தும்மாமல் நின்று பட்டறையைத் தூக்கி நிறுத்தினார். பட்டறையில் மற்றவர்கள் நம்மவரை ஆச்சுக்காரர் என்றே அழைக்கிறார்கள், அவர் காதில் விழாத தூரத்தில்.

அந்த மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேலே கட்டர் சுழலும். கீழே மரம் மேசையோடு சேர்ந்து நேராக நகரும். அந்த மேசைமேல் இன்னொரு வட்டமேசை உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் அது திரும்பும், மரமும் கூடவே திரும்பும், வளைவு வளைவாக வெட்டு விழும். நாற்காலி முதுகு, கண்ணாடிச் சட்டத்தின் வளைவு, பூவேலை எல்லாம் அதில்தான். வளைவில் நம்மவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்தொன்பது வருஷமாக அவர் கையில் பிசகிய வளைவு ஒன்றுகூடக் கிடையாது.

நேர்கோடுதான் அவருக்கு ஜென்மப் பகை. நேராக வெட்ட வேண்டுமானால் வட்டமேசை திரும்பவே கூடாது. அதற்கு மேசையை அதன் விளிம்பிலுள்ள அளவுக்கோடுகளில் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஓர் ஊசி ‘டக்’ என்று பள்ளத்தில் விழும். அது பூட்டு இல்லை, இடம் காட்டும் அடையாளம். அதன்பிறகு மேசையின் இரண்டு பக்கமும் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் முறுக்க வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், மறுபடி இந்தப் பக்கம். கடைசியில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. அசையவில்லை என்றால்தான் பூட்டியாயிற்று என்று அர்த்தம். மொத்தமே மூன்று நிமிட வேலை. நம்மவர் அந்த ‘டக்’கோடு நின்றுவிடுவார். சத்தம் கேட்டதே, பூட்டாமலா சத்தம் வரும்?

காடி, அதாவது மரத்தில் நீளமாக வெட்டும் பள்ளம், கோணிக்கொண்டால் காரணத்துக்கா பஞ்சம்! மரத்தில் ஈரம் இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்குகிறது. கட்டர் மழுங்கிவிட்டது. தரையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கட்டியவன் சரியில்லை. ஒருமுறை, “யாரோ மெஷின்ல கை வச்சிருக்காங்க அண்ணி” என்றார். அந்த மெஷினை அவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை.

இதுவரை அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அன்றைக்கு வந்த வேலை வேறு. ஒரு மருத்துவமனைக்கு மருந்து அலமாரி. கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. கீழ்ச்சட்டத்தில் முழு நீளத்துக்கும் ஒரு காடி எடுக்க வேண்டும், அதற்குள்தான் கண்ணாடி ஓடும். முதல் அலமாரியை டாக்டரம்மா நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் இன்னும் பதிமூன்று.

காலையில் அண்ணி அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி, இது சரியா வந்தா பதிமூணும் நமக்குத்தான். கோணிச்சுன்னா அவங்க வேற இடம் பார்த்துக்குவாங்க. அப்புறம் நான் மெஷினுக்கு வேற ஆளைத்தான் போடணும். நீங்க உப்புத்தாள் தேய்க்கப் போயிடுங்க. கோவிச்சுக்காதீங்க, சொல்லிட்டேன்.”

உப்புத்தாள் தேய்ப்பது கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷம் மெஷினோடு வாழ்ந்தவருக்கு, எதிர்மூலையில் உட்கார்ந்து இன்னொருவன் அதை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு தேய்ப்பது இருக்கிறதே! இன்றைக்கு ஒழுங்காகப் பூட்டிவிட வேண்டும் என்று நினைத்தார்.

நினைத்தார் என்பதைக் கவனித்தீர்களா? அங்கேதான் ஆபத்து.

சட்டத்தை வட்டமேசையில் வைத்து இறுக்கினார். பூஜ்யத்தில் நிறுத்தினார். டக். ஆணியில் தொங்கிய ஸ்பேனரை நோக்கிக் கை நீண்டது. சத்தியமாக நீண்டது. அந்த நேரம் பார்த்து, எட்டு அடி வைத்தால் வந்துவிடும் தூரத்திலிருந்த ஆபீஸ் அறை வாசலில் நின்று அண்ணி குரல் கொடுத்தார்.

“தம்பி, மேசையைப் பூட்டியாச்சா?”

“ஆச்சு அண்ணி.”

பாவம், அந்தக் கேள்வி மூன்று நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் அந்தப் பதில் உண்மையாக இருந்திருக்கும். அதற்குள் போன் அடித்தது. மனைவி.

“மாத்திரை போட்டாச்சா?”

“ஆச்சு ஆச்சு.”

மாத்திரை அட்டை பைக்குள் பிரிக்காமல் இருந்தது. போனை வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். பூட்டினோமா? பூட்டிவிட்டோமே. இப்போதுதானே யாரோ ‘ஆச்சு’ என்று சொன்னார்கள்? தன் காதால் கேட்டாரே! சொன்னது தானேதான் என்பது அவருக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஊரை ஏமாற்றுகிறவர்கள் எத்தனையோ பேர். முதல் ஆளாகத் தானே ஏமாந்துபோகிற வெள்ளை மனசு இந்த இனத்துக்கு மட்டும்தான் உண்டு.

கட்டர் சுழன்றது. காடி விழ ஆரம்பித்தது. முதல் அரையடி அருமை. அதன்பிறகுதான் சத்தம் மாறியது. மரத்தை வெட்டும் கட்டர் மரத்தை லேசாகத் தள்ளவும் செய்யும், தள்ளினால் பூட்டாத மேசை திரும்பத்தானே செய்யும்? குனிந்து பார்த்தார். பென்சில் கோடு ஒரு பக்கம், காடி ஒரு பக்கம். போல்ட்டைப் பார்த்தார். விரலால் தொட்டால் சுற்றியது.

நீங்களும் நானுமாக இருந்தால் மெஷினை நிறுத்துவோம். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் அண்ணி எட்டிப் பார்ப்பார், ‘என்ன தம்பி?’ என்பார். அந்த ஒரு கேள்வியைத் தவிர்ப்பதற்காக நம்மவர் ஒரு புதுவகைப் பூட்டைக் கண்டுபிடித்தார். தன் தொந்தியை வட்டமேசையின் விளிம்பில் அழுத்தமாக முட்டுக்கொடுத்து, இடதுகையால் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் கீழ்மேசையை நகர்த்தும் சக்கரத்தைச் சுற்றினார். மூச்சைப் பிடித்திருக்கும்வரை காடி நேராகப் போனது. மூச்சு விட்டால் விலகியது. மனிதன் எவ்வளவு நேரம்தான் மூச்சு விடாமல் இருப்பான்? சட்டம் வெளியே வந்தபோது காடியில் அவர் எத்தனை முறை மூச்சு விட்டார் என்பது அப்படியே பதிந்திருந்தது.

அடுத்து என்ன செய்தார்? ஊதினார், தூசி தட்டினார், மெழுகு தடவினார். அவரே சட்டத்தை அலமாரியில் பொருத்தினார். கண்ணாடியை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பாதி தூரம் போய் நின்றது. பலமாகத் தள்ளியதும் கிறீச்சென்றது. ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி, ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். அண்ணி வந்து, “கண்ணாடி ஓடுதா?” என்றார். பதில் உங்களுக்கே தெரியும். அண்ணி துணியைத் தூக்கவில்லை.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசாதவர். அலமாரியைச் சுற்றி வந்தார், பளபளப்பைத் தடவிப் பார்த்தார், ஒற்றை விரலால் கண்ணாடியைத் தள்ளினார். பாதியில் நின்றது.

“புது மரம் டாக்டர்” என்றார் ஆச்சுக்காரர். “கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்.”

“மூச்சு வாங்குற நோயாளிக்கு மருந்து எடுக்கணும்னா, ஓட ஓடச் சரியாகுற வரைக்கும் அவர் மூச்சு காத்திருக்குமா?” என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

ஆச்சுக்காரருக்கு மரத்தின் ஈரம், கரண்ட், தரை எல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின. அண்ணி நேராக மெஷினிடம் போனார். வட்டமேசையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். அது மரியாதையாகத் திரும்பிக் கொடுத்தது.

“பூட்டலையா?”

“பூட்டணும்னுதான் அண்ணி கையை நீட்டினேன்...”

அண்ணி வெடிக்கப்போகிறார் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணியோ டாக்டரம்மாவிடம் திரும்பினார். “என் தப்புதான் டாக்டர். காலையில கேட்டேன், மத்தியானம் கேட்டேன். வந்து பார்க்கலை. ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. சட்டத்தைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்துல புதுசாக் காடி எடுத்துடறோம். பழசு கீழ போயிடும்.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சட்டம் மறுபடி வட்டமேசைக்கு ஏறியது. ஆச்சுக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக ஸ்பேனரை எடுத்து முறுக்கினார், நெற்றியில் வியர்வை வழிய முறுக்கினார். அண்ணி அந்த எட்டு அடியையும் நடந்து வந்து கையை வைத்தார். மேசை இம்மியளவு அசைந்தது. ஒரு பக்கத்துப் போல்ட்டைத்தான் முறுக்கியிருந்தார், மறுபக்கத்தை நினைத்திருந்தார். அதை அண்ணியே முறுக்கினார்.

கண்ணாடி ஒற்றை விரலுக்கு ஓடியது. பதிமூன்று அலமாரி வேலையும் பட்டறைக்கே வந்தது. மெஷினும் நம்மவரிடமே இருக்கிறது. டாக்டரம்மா போனதும் அண்ணி தன் நாற்காலியை ஆபீஸ் அறையிலிருந்து தூக்கி வந்து மெஷின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கோபத்தை எல்லாம் அந்த நாற்காலி தரையில் விழுந்த சத்தத்தில் காட்டினார். “பத்தொன்பது வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன் தம்பி. கேக்குறது சுலபமா இருந்துச்சு. ஏதாவது ஆனா, ‘நான் கேட்டேனே’ன்னு சொல்லிக்கலாம்ல?”

ஆகவே, இவ்வளவு நேரம் அந்த அப்பாவியைப் பார்த்துச் சிரித்த வாசகரே, ஆச்சுக்காரர் தனியாக வாழும் பிராணி இல்லை. பதிலைக் கேட்டதும் திருப்தியடைந்து திரும்பிப்போகிற ஒரு ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அவர் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். இந்தப் பக்கத்தைப் புரட்டும்போது நீங்கள் சமையலறைப் பக்கம் திரும்பி, “அடுப்பை அணைச்சாச்சா?” என்று ஒரு குரல் கொடுத்தீர்கள், இல்லையா? பதிலும் வந்தது. நீங்கள் நிம்மதியாக அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்கள்.

படித்தது போதும். எழுந்து போய்ப் பாருங்கள்.