வெயில் நேரத்து கிரைண்டர்

டெல்லியில் ஒரு விதி போட்டால் அது கொரட்டூருக்கு வந்து சேருவதற்குள் போட்டவருக்கே மறந்துபோகும். வழியில் கமிட்டி உட்காரும், கோர்ட்டு உட்காரும், தேர்தல் வந்து குறுக்கே படுக்கும். கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு மட்டும் அது ஒரே காபியில் வந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் காபி டம்ளருக்கு அடியில் இருந்த பேப்பரை எடுத்தார். ஏற்கெனவே ஏழெட்டு காபி வட்டம் அதில் இருந்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறை வேறு. சட்டம் போடப் பிறந்தவர்கள் இதையெல்லாம் கவனிப்பார்களா? செய்தியைப் படித்தார். பகலில் சூரிய மின்சாரம் கொட்டிக் கிடக்கிறதாம். அதனால் வெயில் நேரத்தில் கரண்ட் விலையைக் குறைக்கணும், ஊரே சுவிட்சைப் போடுகிற சாயங்காலத்தில் ஏற்றணும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறதாம். மனுஷனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேசபக்தி என்று நீங்கள் நினைத்தால் உங்களைப் போல வெள்ளந்தி யாரும் இல்லை. எல்லாம் கிரைண்டருக்காக.

அம்பத்தூர் எஸ்டேட்டில் விருப்ப ஓய்வு வாங்கி வந்ததிலிருந்து கிறிஸ்துதாஸுக்கு இரண்டே சொத்து. ஒன்று மத்தியானத் தூக்கம். இன்னொன்று, ஏழு மணிக்கு டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதம். தூக்கத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. மனைவி எவாஞ்சலின் காலை எட்டுக்கெல்லாம் வானகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டருக்கு பஸ் ஏறிவிடுவாள். விவாதத்துக்குத்தான் சனியன் பிடித்திருந்தது. ஆறரைக்கு வருவாள், ஏழுக்கு கிரைண்டரைப் போடுவாள், கூடவே வாஷிங் மெஷினும் ஓடும். நாட்டின் தலையெழுத்தை நாலு பேர் முடிவு பண்ணுகிற நேரத்தில் வீட்டுக்குள் கடகடவென்று உளுந்து ஓடினால் என்னத்தைக் கேட்பது? "நீங்களும் ஒரு கை குடுங்களேன்" என்று அவளும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "ஆம்பள செய்ற வேலையாமே அது?" என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

"எவா, இங்க வாமே. முக்கியமான விசயம்."

"இன்னாங்க, பஸ்ஸுக்கு டைம் ஆவுது."

"இன்னிலேர்ந்து நம்ம ஊட்ல காலைலயும் சாயங்காலமும் கிரைண்டர், வாஷிங் மெஷின், அயன் பாக்ஸ் ஒண்ணும் ஓடக் கூடாது. எல்லாம் வெயில் நேரத்துலதான்."

"ஏன், கரண்ட்டு மேல கோச்சிக்கினீங்களா?"

"சென்ட்ரல் கவர்மென்ட் சொல்லிகீது."

"நம்ம ஊட்டுக்கு அந்த ரூலு வந்துட்ச்சா?"

"இன்னும் வரல. ஸ்மார்ட் மீட்டர்லாம் மாட்டினப்புறம் வரும். அதுக்குள்ள நம்ம பழகிக்க வாணாமா? வருமுன் காப்போம்மே!"

"அப்போ டிவி?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"டிவி அத்தியாவசியப் பணி. ஆம்புலன்ஸ் மாதிரி. அதுக்கு விதிவிலக்கு."

எவாஞ்சலின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாட்டுக்கு நல்லதுன்னா சரிங்க" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோயிலில் தாலி கட்டும்போது ஃபாதர் கேட்டதற்கு "சம்மதம்" என்றாளே, அதற்குப் பிறகு அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது இதுதான். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். இவரோ ஜெயித்துவிட்டோம் என்று இன்னொரு காபி போட்டுக் குடித்தார்.

மறுநாள் மத்தியானம். பாய் விரித்தாயிற்று, ஃபேன் ஓடுகிறது, கண் சொக்குகிறது. போன் அடித்தது.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"இல்ல, இல்ல. இன்னா?"

"அரிசியும் உளுந்தும் ஊற வெச்சிட்டு வந்துகீறேன். வெயிலு சூப்பரா அடிக்குது. போடுங்க."

"நானா?"

"நான் இங்க பில்லு போட்டுகினு கீறேன். சூரியன் எனக்கோசரம் ஆறரை வரைக்கும் நிக்குமா? உளுந்துக்கு தண்ணி தெளிச்சிகினே இருங்க, உட்டுட்டுப் படுத்துடாதீங்க. அப்டியே மெஷின்ல துணி கீது."

கிரைண்டர் பகலில் ஓடணும் என்று சட்டம் போட்டாரே தவிர, பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஜீவன் யார் என்று பார்க்கவில்லை. சட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் உள்ள வியாதிதான். கையை விட்டு மாவைத் தள்ளித் தள்ளி தோள்பட்டை கழன்றது. பிறகு துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். கால் பொரிந்தது. நைட்டியை உதறிக் கொடியில் போடும்போது எதிர் மாடியில் ஜெகதீசன் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா அண்ணாத்தே, இந்த வெயில்ல?"

"தேச சேவை."

"நைட்டியிலயா?"

இரண்டு நாள் கழித்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிறிஸ்துதாஸ் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு மனைவிக்கு போன் போட்டார்.

"எவா, இன்னிக்கி சூரியனே இல்ல. சட்டப்படி கிரைண்டர் ஓட்டக் கூடாது."

"டெல்லிக்காரன் நேரத்தைத்தான் சொன்னான், மேகத்தை சொல்லலயே. ராஜஸ்தான்ல நல்லா காய்ஞ்சிகினு கீதாம், அங்கேர்ந்து கரண்ட்டு வரும். நீங்க போடுங்க."

ராஜஸ்தான் சமாச்சாரம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்க விடாமல் உளுந்து கூப்பிட்டது.

கடைசி நம்பிக்கை ஞாயிற்றுக்கிழமை.

"இன்னிக்கி பகல்ல நீ ஊட்லதான கீற? நீயே ஆட்டு."

"திருநாள பரிசுத்தமா அனுசரிக்கணும்னு கட்டளை கீதுங்க. டெல்லிக்கு பயப்படறீங்க, ஆண்டவருக்கு பயப்பட மாட்டீங்களா?"

பூசைக்குப் போய்வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவள் மத்தியானம் நன்றாகத் தூங்கினாள், அவருடைய பாயில். அவர் பாத்திரம் கழுவினார். அதற்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் எந்தச் சட்டத்திலும் ஓட்டை இல்லை.

போகட்டும், தூக்கம் போனாலும் விவாதம் இருக்கிறதே! முதல் வாரம் முழுக்க அலுப்பில் ஏழு மணிக்கு முன்பே குறட்டை விட்டவர், திங்கட்கிழமை முகம் கழுவிக்கொண்டு தெம்பாக ஹாலுக்கு வந்தார். சோபாவில் எவாஞ்சலின் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் முறுக்கு, இன்னொரு கையில் ரிமோட்.

"ரிமோட்டக் குடுமே. விவாதம் ஆரம்பிச்சிட்டாங்க."

"சீரியல் ஓடிகினு கீது. மருமவ பாயசத்துல வெசத்தக் கலக்கிட்டா, மாமியா எடுத்துகினு வர்றா."

"சாயங்காலத்துல உனக்கு வேற வேலையே இல்லயா?"

"எங்க கீது? நீங்கதான் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டீங்களே!"

கிரைண்டர் நின்றால் விவாதம் காதில் விழும் என்று கணக்குப் போட்டாரே, கிரைண்டர் போடுகிறவள் சும்மா எங்கே போவாள் என்று போட்டாரா?

"சாயங்காலம் கரண்ட்டு வெல ஜாஸ்தி. டிவியை நிறுத்து."

"ஆம்புலன்ஸை நடுரோட்ல நிறுத்துவீங்களா?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குரல் கெஞ்சியது.

"எவா, அந்த ரூலு நம்ம ஊட்டுக்கு இன்னும் வரவே இல்லமே. நீ பழையபடி சாயங்காலமே மாவு ஆட்டு. கிரைண்டர் சத்தம் கேக்க நல்லாத்தான் கீது."

"வருமுன் காப்போங்க."

"சரி, நானும் ஒரு கை குடுக்கறேன். பாதி நாளு நான் ஆட்டறேன். ரிமோட்டு மட்டும் குடு."

"பாதியா? அத அப்பவே கேட்டேன், நீங்கதான் குடுக்கல."

விளம்பரம் வந்தது. எவாஞ்சலின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க ரூலு படிச்ச பேப்பரு, ஆஸ்பத்திரி கேன்டீன்ல வடை மடிச்சிக் குடுத்ததுங்க. ஒரு வாரமா தெனமும் உங்க காபி டம்ளருக்கு அடியில வெச்சிகினே இருந்தேன், எப்பதான் படிப்பீங்களோன்னு!"