இத்தாலி வண்டியை நான் ஸ்டார்ட் செய்த கதை

மெக்கானிக் வாயில் வரவே கூடாத வார்த்தை ஒன்று இருக்கிறது. ‘தெரியலை’ என்பதுதான் அது. டாக்டர் அதையே ‘டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வார். வக்கீல் வாய்தா வாங்கிவிடுவார். மெக்கானிக் சொன்னால் மட்டும் கஸ்டமர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் கடை போட்ட நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. (எட்டாம் வகுப்பில் நிறையச் சொன்னேன். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.)

அந்த வார்த்தையைச் சொல்லாத குற்றத்துக்கு நான் பட்ட பாடுதான் இது.

ஸ்டெல்லாவும் நானும் காதலித்து ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். அவளுடைய அப்பா சாமுவேல் சார், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். சேலையூரில் சொந்த வீடு. கல்யாணத்தன்று அவர் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ‘மெக்கானிக்கா’ என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என் பெயரே அதுதான். ‘மெக்கானிக் சாப்பிட்டாச்சான்னு கேளு.’ ‘மெக்கானிக்கை அந்த நாற்காலியில உட்காரச் சொல்லு.’ எல்லாம் ஸ்டெல்லா வழியாகத்தான். மாப்பிள்ளை என்ற சொல் அந்த வீட்டில் எதிர்வீட்டுக்காரர் மருமகனுக்குத்தான் பயன்பட்டது. அவன் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். நானும் பதிலுக்கு அவரை மாமா என்று கூப்பிடாமல் ‘சார்’ என்றே கூப்பிட்டேன். (ரோஷம் என்று நினைக்காதீர்கள். பயம்.)

இரண்டு வருடம் இப்படியே போன பிறகு என் மச்சான் ஜோயலுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா எனக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தால் விஷயம் பெரியது.

“ஜோயல் சர்ச்சுக்கு அப்பாவோட அந்தப் பழைய இத்தாலி வண்டியில போகணும்னு ஆசைப்படுறான். வண்டி ஸ்டார்ட் ஆகல. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? மெக்கானிக் நிஜமாவே மெக்கானிக்கா இருந்தா சரி பண்ணட்டும், பண்ணினா குடும்பத்தோட முன்வரிசையில உட்காரட்டும்னாரு. உனக்கு அந்த வண்டி தெரியுமா?”

இத்தாலி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

“இன்னா ஸ்டெல்லா இப்டி கேட்டுட்ட? இத்தாலி வண்டின்னா நமக்கு இட்லி மாதிரி” என்றேன்.

மறுநாள் குட்டி யானை மினி லாரியில் வண்டி என் கடைக்கு வந்து இறங்கியது. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் சார் வாங்கியது. வண்டிக்கு முப்பது வயதாவது இருக்கும், சிவப்பு நிற பைக், இரண்டு சிலிண்டர். ஐந்து வருடமாக ஷெட்டில் தார்ப்பாய்க்குள் தூங்கியிருக்கிறது. பட்டனைத் தட்டினால் பேட்டரி செத்த எலி மாதிரிக் கிடந்தது. பேட்டரி மாற்றினேன், நாற்றம் பிடித்த பெட்ரோலைக் கொட்டினேன், புது பிளக் போட்டேன். இந்த மூன்றும்தான் அந்த வண்டிக்கு இருந்த வியாதியே என்று இன்றைக்குத் தெரிகிறது. அத்தோடு பட்டனைத் தட்டியிருந்தால் முதல் நாளே நான் முன்வரிசை.

ஆனால் தட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். பெரிய வண்டி எதுவாக இருந்தாலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டாமல் நான் சாவி போடுவதில்லை. அதிலும் இந்த வண்டி இறங்கும்போதே பொத்தேரி காலேஜ் பையன்கள் கூட்டமாக நின்று கண் வைத்துவிட்டார்கள். நம்மூர் வண்டி என்றால் முன்னால் கம்பி கார்டு இருக்கும், அதில் கட்டிவிடலாம். இதில் அது இல்லை. ஹேண்டில்பாரில் கட்டினால் சாருக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். அவர் வண்டியில் திருஷ்டிப் பழத்தைப் பார்த்தால் அடுத்து என்னைத்தான் கட்டித் தொங்கவிடுவார். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடினேன். நடு ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு அடியில், மடித்து வைத்த சைடு ஸ்டாண்டுக்கும் பாடிக்கும் நடுவே அழகாக ஓர் இடம் இருந்தது. கடவுளே எனக்காக விட்டு வைத்த மாதிரி. பழத்தை அங்கே இறுக்கிக் கட்டிவிட்டுப் பட்டனைத் தட்டினேன்.

மோட்டார் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் இல்லை.

அதன் பிறகு மூன்று வாரம். காயில், பிளக் ஒயர், சாவி சுவிட்ச், கார்புரேட்டர் என்று ஒன்று விடாமல் கழற்றினேன். போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒரு தாத்தா இதே மாடல் வண்டியை வைத்துக்கொண்டு இத்தாலிய பாஷையில் பேசினார். ஒரு எழுத்து புரியவில்லை, ஆனாலும் ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டினேன். அவர் மூன்று தடவை சைடு ஸ்டாண்டைக் காட்டினார். ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டு என்று விளம்பரம் செய்கிறார் போலிருக்கிறது என்று வீடியோவை ஓட்டிவிட்டேன்.

பழத்தை மட்டும் மறக்கவில்லை. வாரா வாரம் சனிக்கிழமை பழையதை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பழம் கட்டினேன். முதல் சனிக்கிழமை வண்டி பிரித்துப் போட்டபடி கிடந்தது. இரண்டாவது சனிக்கிழமை காலையில் காய்ந்த பழத்தை அறுத்துவிட்டு, புதுசைக் கட்டுவதற்கு முன் சும்மா பட்டனைத் தட்டினேன்.

தடதடவென்று கடையே அதிர்ந்தது. பக்கத்து டீக்கடையில் கிளாஸ் ஆடியது. டீக்கடை அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினேன். முந்தின நாள் மாற்றிய காயில்தான் காரணம் என்று காயிலுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். (சூடாக இருந்தது.) என்ஜினை அணைத்தேன். உதவி செய்த சாமிக்கு நன்றி காட்டாமல் இருக்கலாமா? இருப்பதிலேயே பெரிய பழமாக வாங்கி, ஏழு மிளகாய் வைத்து, பயபக்தியோடு கட்டினேன். பிறகு ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு, “காதை நல்லா வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டினேன்.

கிர்ர்ர்ர்.

“என்ன சத்தம் இது? மிக்ஸியா?” என்றாள் ஸ்டெல்லா.

“நெட்வொர்க் சரியில்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. இது சனிக்கிழமை காலையில் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிற வண்டி என்று முடிவு செய்தேன். நிச்சயதார்த்தமும் சனிக்கிழமை காலையில்தான். இதைவிட என்ன வேண்டும்? வண்டி ரெடி என்று சேலையூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. குட்டி யானையில் ஏற்றும் முன் மறக்காமல் பழத்தை மாற்றினேன். முக்கியமான நாள் என்பதால் சாத்துக்குடி அளவில் ஒரு பழம்.

சாமுவேல் சார் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் முப்பது பேராவது நின்றார்கள். எதிர்வீட்டு நாவலூர் மருமகன் கூலிங் கிளாஸோடு நின்றான். ஜோயல் கோட் போட்டு, தலையில் ஹெல்மெட்டோடு வண்டி மேல் உட்கார்ந்திருந்தான். சார் கையைக் கட்டிக்கொண்டு கேட் பக்கம் நின்றார். ஸ்டெல்லா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பட்டனைத் தட்டினேன்.

கிர்ர்ர்ர்.

மறுபடி தட்டினேன். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். சாவியை எடுத்து ஊதிவிட்டுப் போட்டேன். வண்டியை இடமும் வலமும் ஆட்டினேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். கூட்டம் பார்க்கும்போது ஏதாவது ஆட்ட வேண்டும்.) புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோட்டுக்குள் ஜோயல் அவிந்துகொண்டிருந்தான். ஒரு பெரியம்மா ‘சர்ச்சுல ஃபாதர் காத்துக்கிட்டு இருப்பாரு’ என்று பொதுவாகச் சொன்னார். நாவலூர் மருமகன் அவனுடைய காரை எடுக்கட்டுமா என்று கேட்டான்.

சாமுவேல் சார் ஸ்டெல்லாவிடம் திரும்பினார். “இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம். அதுக்கப்புறம் மெக்கானிக்கைக் கடைக்குப் போகச் சொல்லிடு.”

ஸ்டெல்லாவின் சிரிப்பு போய்விட்டது. எனக்கு வண்டி போனால் போகட்டும் என்றிருந்தது. அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

என் மாமியார் வாசல் படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தார். என்னை ‘தம்பி’ என்று கூப்பிடுகிற ஒரே ஆத்மா. கூடையில் கையை விட்டார், காலி. தலையைக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

“தம்பி, அங்க ஒரு பழம் தொங்குதே. புதுசா இருக்கு. எடுத்துக்கட்டுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து, கையிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்து, மிளகாயைக் குப்பையில் போட்டுவிட்டு, பழத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்விட்டார். சார் என்னையே பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் பட்டனைத் தட்டினேன்.

தடதடதட.

கூட்டம் கைதட்டியது. ஜோயல் ஆக்சிலேட்டரை முறுக்கினான். கைதட்டாதவர் சாமுவேல் சார் ஒருவர்தான். அவர் மெதுவாக வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் சிக்னல் பார்த்த கண்.

“வண்டியை ஆஃப் பண்ணு ஜோயல்” என்றவர் மாமியாரிடம் திரும்பி, “அந்தப் பழத்தை எடுத்துட்டு வா” என்றார்.

அதை ஸ்டாண்டுக்கும் பாடிக்கும் நடுவில் செருகிவிட்டு ஜோயலிடம் பட்டனைக் காட்டினார். “அடி.” கிர்ர்ர்ர். பழத்தை எடுத்தார். “அடி.” தடதடதட. மறுபடி செருகினார். கிர்ர்ர்ர். எடுத்தார். தடதடதட. மூன்றாவது தடவை கூட்டமே சேர்ந்து ‘அடி’ என்றது. நாவலூர் மருமகன் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு வீடியோ எடுத்தான்.

சார் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். “அங்க ஒரு சுவிட்ச் இருக்கு. ஸ்டாண்டு முழுசா மடங்கலன்னா ஸ்பார்க் வராது. ஸ்டாண்டோட ஓட்டிட்டுப் போய் விழக் கூடாதுன்னு வெச்சிருக்கான். இந்தப் பழம் எத்தனை நாளா அங்க இருக்குன்னு மெக்கானிக்கைக் கேளு.”

“மூணு வாரமா சார்” என்றேன். இவ்வளவு பெரிய மனிதரிடம் அரைகுறையாக எதற்கு என்று, “வாரா வாரம் மாத்திக்கினு இருந்தேன் சார்” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முப்பது பேரும். சார் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நடுவில் ஆள் இல்லாமல் என்னிடம் நேராகப் பேசினார்.

“உன்னை இனிமே மெக்கானிக்னு கூப்பிட முடியாது. அது மெக்கானிக்குங்களுக்கு அவமானம்.” பெருமூச்சு விட்டார். “வேற வழியில்ல. மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடணும். வாங்க மாப்பிள்ளை, லேட்டாச்சு.”

கிளம்பும் முன் மாமியார் எனக்கு ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தார். எந்தப் பழம் என்று நான் கேட்கவில்லை. திருஷ்டி கழித்த பழத்தைக் காலால்கூட மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவன், அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். சர்ச்சில் முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், வயிற்றில் மூன்று வாரத் திருஷ்டியோடு.

வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டில் இன்றுவரை எது நின்றாலும், இன்வெர்ட்டரோ, மிக்ஸியோ, டிவியோ, யாரும் முதலில் பிளக் பாயிண்டைப் பார்ப்பதில்லை. ‘பழம் எங்க கட்டியிருக்கு?’ என்றுதான் கேட்பார்கள். போன வாரம் என் மகள் ஸ்கூலுக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று போர்வைக்குள் அடம் பிடித்தாள். ஸ்டெல்லா கெஞ்சினாள், நான் மிரட்டினேன். கடைசியில் தாத்தாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “மாப்பிள்ளை, குழந்தை மேல தப்பு இருக்காது. நீங்க எதையாவது கட்டி வெச்சிருப்பீங்க, முதல்ல அதைப் பாருங்க.”

போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஸ்டார்ட் ஆகிவிட்டது.