தண்ணி விட்டுடு

ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை அரசாங்கம் தடைசெய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. எண்பதுகளிலேயே தடைசெய்திருந்தால், பாகலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டமும் என் மானமும் பிழைத்திருக்கும்.

தொழிற்சாலை வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்தவன் நான். வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தின்றுகொண்டிருந்தேன். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. (யாருக்குத்தான் பொறுக்கும்?) வீட்டுச் சொந்தக்காரரான கவுடரிடம் சொல்லி, அவருடைய திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்த்துவிட்டார். விவசாயத்தில் என் முன் அனுபவம், எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்த ஒரு மல்லிகைச் செடி.

"ஏதாச்சும் கோளாறு பண்ணிராதலே. அந்த மனுசன் எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாரு" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள். பந்தல் முழுக்கக் கறுத்த குலைகள். பெங்களூர் வியாபாரியை அழைத்துவரக் கிளம்பிய கவுடர், வீட்டில் கன்னடமும் ஆட்களிடம் தெலுங்கும் பேசுகிறவர், என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்:

"பழம் இனிப்பு ஏறுற டைம். தண்ணி விட்டுடுப்பா. மறந்துடாதே."

'செடிக்குத் தண்ணி விடுடா' என்று அம்மா தினமும் கத்திய கத்தலில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கரண்ட் வந்தபோதெல்லாம் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி மோட்டாரைப் போட்டேன். களையெடுக்க வந்த முனியம்மா வாயைப் பிளந்தாள்.

"ஏன் சார், அறுப்பு நேரத்துல யாராச்சும் தண்ணி கட்டுவாங்களா?"

"கவுடர் உத்தரவு."

"அவரே சொன்னாரா? அப்ப எனக்கென்ன."

(இந்தப் பக்கத்தில் பாய்ச்சுவதற்கு 'கட்டுவது' என்று பெயராம். அதை எனக்கு யாராவது முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

கவுடர் வியாபாரியோடு வந்து சேர்ந்தபோது, குடித்த தண்ணீரெல்லாம் பழத்தில் ஏறி, தோல் வெடித்து, பந்தல் முழுக்கத் தேனீ மொய்த்தது. வியாபாரி ஒரு குலையைத் தொட்டார். சாறு முழங்கை வரை வழிந்தது. கவுடரின் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் கவுடர். "தண்ணி விட்டுடுன்னு தானேப்பா சொன்னேன்?"

"அதான் விட்டேனே!"

"எங்கே விட்டே? கட்டியிருக்கே!"

"சத்தியமா கட்டல சார், விட்டேன்!"

"விட்டிருந்தா ஏன் இவ்வளவு சேறு?"

"விட்டதாலதான் சார் சேறு!"

முனியம்மா வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிறுத்தணும்னா நிறுத்துன்னு சொல்ல வேண்டியதுதானே!" என்று கவுடரிடமே கத்திவிட்டேன். வீடு போனது அந்த வாக்கியத்தால்தான் என்பார் அத்தான்.

அக்கா நிறைமாத வயிற்றோடு, சங்கு ஊதும் ஒரு ஃபேக்டரிக்குப் பின்புறம் குடிபோனாள். என்னோடு பேச்சையே விட்டுவிட்டாள். (இங்கே நிறுத்திவிட்டாள் என்று பொருள்.) குழந்தை பிறந்த பிறகுதான் பேசினாள். அதுவும், "சங்குச் சத்தத்துல பிள்ளை தூங்கவே மாட்டேங்குதுலே" என்று திட்டுவதற்காக.

போன மாதம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இனிமே நெய் விட்டுடுங்க" என்றார்.

நான் தலையாட்டுவதற்குள் என் மனைவி பதறி எழுந்தாள்.

"டாக்டர், 'நிறுத்துங்க'ன்னு சொல்லுங்க. இவர்கிட்ட விட்டுடுன்னு சொல்லித்தான் இவங்க அக்காவுக்கு வீடே போச்சு."